ஒலியால் காற்றை அளத்தல்: சோடார் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் நிற்கின்றன. கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நகரமும், 1500 மீட்டருக்கு மேல் ஏற்காடும் இருப்பதால், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காற்று என்ன செய்கிறது என்ற கேள்வி இங்கே இயல்பாகவே எழுகிறது. அதை ஒலியைக் கொண்டு தரையிலிருந்தே அளக்க முடியும் என்று சொல்லும்போது மாணவர்களும் தோட்டக்காரர்களும் மற்றவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

சோடார் என்பது என்ன?

தரையிலிருந்து மேல்நோக்கிக் குறுகிய ஒலித் துடிப்பு ஒன்றை அனுப்பி, காற்றிலிருந்து திரும்பி வரும் மிக மெல்லிய எதிரொலியைக் கேட்டு, ஒவ்வொரு உயரத்திலும் காற்று எத்திசையில் எவ்வளவு வேகமாக வீசுகிறது, எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதைக் கணக்கிடும் கருவியே சோடார். கடலடியைத் துழாவும் சோனாருக்கு இது நெருங்கிய உறவு. நேரில் பார்ப்பவர்களுக்குச் சற்று ஏமாற்றமாகவே இருக்கும். மேற்புறம் திறந்த ஒரு பெரிய பெட்டி, அதன் உட்சுவர்களில் ஒலியை உறிஞ்சும் நுரைப்பஞ்சு, அடியில் வரிசை வரிசையாகச் சிறிய ஒலிபெருக்கிகள், அவ்வளவுதான். சில நொடிகளுக்கு ஒருமுறை பறவை கத்துவதுபோல் ஒரு கீச்சொலி எழும். ஒலி எழுப்பிய அதே ஒலிபெருக்கிகள் உடனே ஒலிவாங்கிகளாக மாறி மேலிருந்து வருவதைக் கேட்கத் தொடங்கும். அவற்றின் அதிர்வு அடங்கச் சற்று நேரம் ஆவதால், தரையை ஒட்டிய முதல் இருபது முப்பது மீட்டரைப் பெரும்பாலான சோடார்கள் அளப்பதில்லை.

வெறும் காற்றில் ஒலி எதில் பட்டுத் திரும்புகிறது?

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மே மாத நண்பகலில் ஓமலூர் சாலையில் நின்று தொலைவில் பார்த்தால் தார்ச்சாலைக்கு மேல் காற்று நெளிவதைக் காணலாம். சூடான காற்றுத் துணுக்குகளும் அவ்வளவு சூடில்லாத துணுக்குகளும் கலந்து புரளும்போது, அவற்றின் வழியே வரும் ஒளி சிறிது சிறிதாக வளைவதால் அந்த நெளிவு தெரிகிறது. ஒலிக்கும் இதே கதிதான், இன்னும் அதிகமாக. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர், ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். எனவே அண்டை அண்டையாக இருக்கும் இரு துணுக்குகளின் வெப்பநிலை ஒரு டிகிரியின் மிகச் சிறு பகுதியளவு வேறுபட்டாலும், அவ்விடத்தில் ஒலியின் மிக நுண்ணிய பங்கு சிதறிவிடுகிறது.

எல்லா அளவுள்ள சுழிகளும் ஒலியைத் திருப்பி அனுப்பிவிடுவதில்லை. அனுப்பிய ஒலியின் அலைநீளத்தில் சரிபாதி அளவுள்ள ஏற்ற இறக்கங்களே எதிரொலிகளை ஒன்றோடொன்று கூட்டி, அனுப்பிய இடத்துக்கே திருப்புகின்றன. 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். அதைக் கேட்கும் சோடார் உண்மையில் எட்டரை சென்டிமீட்டர் அளவுள்ள, உள்ளங்கை அகலச் சுழிகளைத்தான் பார்க்கிறது. அந்தச் சுழிகள் வீசும் காற்றோடு மிதந்து செல்வதால், அவற்றின் ஓட்டம் காற்றின் ஓட்டமாகிறது.

திரும்பி வருவது எவ்வளவு? 200 மீட்டர் உயரத்திலிருந்து கருவியை வந்தடையும் ஆற்றல், அனுப்பியதில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் பிரித்தெடுக்க முடிகிறது என்பதே எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பமும் உண்டு. காற்றின் வேகத்தில் உள்ள சிறு ஏற்ற இறக்கங்களும் ஒலியைச் சிதறடிக்கும். ஆனால் அனுப்பிய இடத்துக்கே நேர் பின்னோக்கி வரும் எதிரொலியில் அவற்றுக்குப் பங்கில்லை, வெப்பநிலை ஏற்ற இறக்கங்களுக்கு மட்டுமே பங்குண்டு. ஆகவே ஒரே இடத்தில் அனுப்பிக் கேட்கும் சோடாருக்குக் காற்று வீசினால் மட்டும் போதாது; அந்தக் காற்றில் சூடும் குளிரும் கலந்து புரள வேண்டும். மாலையில் வெயில் தாழ்ந்து, தரையின் சூடும் காற்றின் சூடும் சமமாகும் அந்தச் சிறிது நேரத்தில், காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தாலும் எதிரொலி மங்கி, கருவி எட்டும் உயரம் சட்டென்று குறைந்துவிடும். கருவி பழுதாகிவிட்டது என்று புதியவர்கள் பதறுவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். ஒலிவாங்கியைச் சில நூறு மீட்டர் தள்ளி வைத்துச் சாய்கோணத்தில் கேட்கும் ஈரிட அமைப்பில் வேகத்தின் ஏற்ற இறக்கங்களும் தெரியும். ஆனால் அதை நிறுவுவதும் சரிபார்ப்பதும் சிரமம் என்பதால் அது அரிதாகவே பயன்படுகிறது.

எதிரொலியிலிருந்து காற்றின் வேகத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

உயரத்தைச் சொல்வது நேரம். துடிப்பு அனுப்பி ஒரு நொடி கழித்து வரும் எதிரொலி, ஏறத்தாழ 170 மீட்டர் மேலேயிருந்து வந்தது. போக அரை நொடி, வர அரை நொடி. வேகத்தைச் சொல்வது சுருதி. ஹாரன் அடித்துக்கொண்டே வரும் பேருந்து நம்மைக் கடக்கும்போது அதன் ஒலி இறங்குவதைக் கேட்டிருப்போம். டாப்ளர் விளைவு எனப்படும் அதே மாற்றம் இங்கே இரண்டு மடங்காக நிகழ்கிறது.

ஒரு கற்றையை நேர் மேலாகவும், மற்ற இரண்டை ஒன்றுக்கொன்று செங்கோணத் திசைகளில் 15 முதல் 30 பாகை வரை சாய்த்தும் அனுப்புவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 18 பாகை சாய்ந்த கற்றையை எதிர்த்து நொடிக்கு 5 மீட்டர் கிடைக்காற்று வீசினால், கற்றையின் வழியே அதன் கூறு ஏறத்தாழ 1.5 மீட்டர், 2000 ஹெர்ட்ஸில் அனுப்பிய ஒலி 2018 ஹெர்ட்ஸாகத் திரும்பும். இந்த 18 ஹெர்ட்ஸ்தான் நமக்குக் கிடைக்கும் மொத்தச் செய்தி. செங்குத்துக் கற்றை தரும் மேல்கீழ் அசைவை இதிலிருந்து கழித்து, இரு சாய்ந்த கற்றைகளையும் சேர்த்தால் வேகமும் திசையும் வரும்.

ஒற்றை எதிரொலியை நம்ப முடியாது. 10 முதல் 30 நிமிடம் வரை வந்த நூற்றுக்கணக்கான எதிரொலிகளின் சராசரிதான் அட்டவணையில் ஏறுகிறது.

கொந்தளிப்பையும் இதே கருவி அளக்குமா?

அளக்கும், ஆனால் எந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்பதில் வேறுபாடு உண்டு. செங்குத்துக் கற்றையில் மேல்கீழ் வேகம் துடிப்புக்குத் துடிப்பு எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் திட்டவிலக்கம் நல்ல அளவு. புகை எவ்வளவு விரைவாகப் பரவும் என்று கணிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான். எதிரொலியின் வலிமையிலிருந்து வெப்பநிலைக் கொந்தளிப்பின் அளவையும் பெறலாம். ஆனால் அதற்கு ஒலிபெருக்கியின் திறன், வழியில் காற்று உறிஞ்சிய பங்கு ஆகியவற்றையெல்லாம் அளவீடு செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் அது கூடுகிறதா குறைகிறதா என்று மட்டுமே சொல்லலாம்.

கிடைத்திசைக் கொந்தளிப்பைச் சோடாரின் வாயால் கேட்டு நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. சாய்ந்த கற்றைகள் மேலே போகப்போக ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெவ்வேறு காற்றைப் பார்க்கின்றன. 8 பாகை அகலமுள்ள கற்றை 200 மீட்டர் உயரத்தில் 28 மீட்டர் அகலம் விரிந்துவிடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நீடிக்கும் துடிப்பு 17 மீட்டர் தடிமனைச் சராசரியாக்கிவிடுகிறது. இந்த அகலமும் தடிமனும் உள்ள காற்றுப் பகுதியைவிடச் சிறிய சுழிகளின் வேகமெல்லாம் கணக்கில் கரைந்துபோகும். தரையருகே நுண்ணிய கொந்தளிப்பு வேண்டுமென்றால், ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் மீயொலிக் கண்களுக்கிடையே ஒலி கடக்கும் நேரத்தை நொடிக்குப் பத்து இருபது முறை அளக்கும் ஒலிவகைக் காற்றுமானியைக் கம்பத்தில் ஏற்றுவதே சரி.

மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி வெகுதூரம் கேட்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சேலத்தில் மார்கழி அதிகாலை ஐந்து மணிக்கு, பகலில் இரண்டு தெரு தாண்டாத பாட்டு, ஊர்க்கோடி வரை சொல் சொல்லாகக் கேட்கும். அந்நேரத்தில் மற்ற இரைச்சல் குறைவு என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் காற்றின் அடுக்கு. தெளிந்த குளிர்கால இரவில் தரை சூட்டை இழந்து குளிர, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருந்துவிடுகிறது. ஒலி எப்போதும் தான் மெதுவாகச் செல்லும் குளிர்ந்த பக்கமாக வளையும். எனவே மேலே போக வேண்டிய பாட்டு தரைப்பக்கம் வளைந்து மீண்டும் நம் காதுக்கே வருகிறது. பகலில் தரை சூடாகவும் மேலே குளிராகவும் இருப்பதால் அது மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது.

குளிர்ந்த காற்றின் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும் இந்த வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கைத்தான் சோடார் கோடாக வரைகிறது. சோடாரின் கற்றை ஏறத்தாழ நேர்மேலாகப் போவதால் அதற்கு வளைவு ஒரு பொருட்டில்லை. குளிர்ந்த அடுக்கும் வெதுவெதுப்பான அடுக்கும் உரசும் எல்லையில் சூடும் குளிரும் கலப்பதால் எதிரொலி வலுவாக வருகிறது. போகியன்று விடியற்காலையில் ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு இந்த மூடி கண்ணாலேயே தெரியும். நகரத்தின் மேல் புகை ஒரே மட்டத்தில், சீவிவிட்டதுபோல் நின்றிருக்கும்.

ஒரு நாள் முழுவதும் சோடார் வரையும் படம் எப்படி இருக்கும்?

கிடையச்சில் நேரம், நிலையச்சில் உயரம், எதிரொலி வலுவாக வந்த இடத்தில் கருமை. இரவில் தரையை ஒட்டிக் கிடையான கறுப்புப் பட்டை ஒன்று, சில சமயம் அதற்கு மேல் மெல்லிய கோடுகள்; அக்கோடுகள் அலையலையாக நெளிவதும் உண்டு. சூரியன் ஏறியதும் தரையிலிருந்து ஊசி ஊசியாகக் கருமை முளைக்கும். அவை வெயிலில் எழும் சூடான காற்றுத் தூண்கள். இரவுப் பட்டை அறுந்து, வில்போல் வளைந்து மேலே ஏறிக் கரையும். அந்த ஏற்றத்தின்போது ஒன்று கவனிக்கத்தக்கது: இரவெல்லாம் உயரமான புகைபோக்கியிலிருந்து வெளியேறி மூடிக்கு மேலே தங்கியிருந்த புகை, வெயிலில் புரண்டு கலக்கும் காற்றடுக்கு தன்னை எட்டியவுடன் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். காலையில் திடீரென்று கண் எரிவதற்குக் காரணம் அப்போது விட்ட புகைதான் என்று அவசரமாக முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இந்தப் படம் நல்ல சான்று.

மலையடிவாரத்தில் வைத்த கருவியானால் இன்னொன்றும் தெரியும். இரவில் சரிவில் குளிர்ந்த காற்று கனத்து, ஓடைத் தண்ணீர்போல் அடிவாரத்துக்கு வழியும். பகலில் சரிவு சூடாகிக் காற்று மேலேறும். இரவு ஓட்டத்தின் தடிமன் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். அதற்கு மேலே காற்று முற்றிலும் வேறு திசையில் வீசிக்கொண்டிருக்கலாம். தரையில் 10 மீட்டர்க் கம்பத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

எவ்வளவு உயரம் வரை அளக்கலாம்? எந்தச் சுருதி நல்லது?

4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சிறிய சோடார்கள் 200 மீட்டர் வரையிலும், 1000 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான பெரியவை 500 மீட்டரும் அதற்கு மேலும் எட்டும். காரணம் உறிஞ்சல். 20 டிகிரி வெப்பம், 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு 1000 ஹெர்ட்ஸ் ஒலி 5 டெசிபெல் இழக்கும். 2000 ஹெர்ட்ஸ் 9, 4000 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 23. ஈரக்காற்றுதான் ஒலியை விழுங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. 15 டிகிரியில் ஈரப்பதம் 20 விழுக்காடாகக் குறைந்தால் அதே 2000 ஹெர்ட்ஸ் ஒலி 28 டெசிபெல் இழக்கிறது. சுருதியைத் தாழ்த்திக்கொண்டே போகலாமே என்றால், கருவி பெரிதாக வேண்டும். ஊரின் இரைச்சலும் தாழ்ந்த சுருதியில்தான் அதிகம்.

ஏற்காட்டில், மலைமேல் வைத்தால் சரியாக வேலை செய்யுமா?

வேலை செய்யும், ஆனால் கணக்கு ஏமாற்றும். மூன்று கற்றைகளும் மூன்று வெவ்வேறு இடங்களைப் பார்த்தாலும், அவ்விடங்களில் எல்லாம் ஒரே காற்றுதான் வீசுகிறது என்று கணக்கு எடுத்துக்கொள்கிறது. சமவெளியில் அது ஏறக்குறைய உண்மை. மேட்டின் உச்சியில் காற்று ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவதால், கிடைக்காற்றின் வேகம் சில விழுக்காடு பிழையாக வரும். காற்றாலைக்கு இடம் தேடுபவர்களுக்கு இது சிறிய பிழையன்று. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், வேகத்தில் 5 விழுக்காடு தவறினால் ஆற்றலில் 15 விழுக்காடு தவறும்.

அடுத்தது மரங்கள். கற்றை எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் பக்கவாட்டில் சிறிது ஒலி கசியும். அது மரத்திலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பினால், அசையாத பொருளின் எதிரொலி என்பதால் சுருதி மாறாமல் வந்து, காற்றின் வேகத்தைப் பூச்சியத்தை நோக்கி இழுக்கும். ஒருமுறை காபித் தோட்டம் ஒன்றில், 60 மீட்டர் உயரத்தில் மட்டும் காற்றே இல்லை என்று கருவி மூன்று நாட்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் மென்பொருளைக் குடைந்துகொண்டிருந்தபோது, தோட்டத்து மேஸ்திரி வந்து, "சார், அந்த ஓக்கு ஆடறப்ப மட்டுந்தான் உங்க மிசினு காத்து இருக்குதுங்குது" என்றார். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் வரிசை சரியாக 60 மீட்டர் தள்ளி நின்றது. பெட்டியைச் சற்றுத் திருப்பி வைத்ததும் சரியாயிற்று.

சிள்வண்டுகளையும் மறக்கக் கூடாது. அவற்றின் சுருதி பல சமயம் சிறிய சோடார்களின் சுருதியோடு மோதும். அவை கத்தும் மாலை வேளைகளின் தரவைப் பெரும்பாலும் தள்ளிவிட வேண்டியதுதான்.

மூடுபனியிலும் மழையிலும்?

மூடுபனி தடையில்லை. லேசர் ஒளியைக் கொண்டு அளக்கும் லைடார் அடர்ந்த பனியில் கண்ணிழந்துவிடும். சோடார் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருக்கும். ஏற்காட்டுக்கு இது பெரிய வசதி. மழை வேறு கதை: துளிகள் பெட்டியில் விழும் இரைச்சலே எதிரொலியை மூழ்கடித்துவிடும், துளிகளும் ஒலியைச் சிதறடிப்பதால் செங்குத்துக் கற்றை காற்றின் வேகத்துக்குப் பதில் மழை விழும் வேகத்தைக் காட்டத் தொடங்கும். பலத்த காற்றும் பெட்டியின் விளிம்பில் இரைந்து அளவைக் கெடுக்கும்.

இதை முதலில் கண்டறிந்தது யார்?

1873, 1874 ஆண்டுகளில் இயற்பியலாளர் ஜான் டிண்டல் இங்கிலாந்தின் டோவர் அருகே மூடுபனி எச்சரிக்கை ஒலிகளைச் சோதித்தபோது, பனி ஒலியைத் தடுப்பதில்லை என்றும், தெளிந்த நாட்களில் கண்ணுக்குத் தெரியாத காற்றே ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்றும் கண்டார். 1946இல் அமெரிக்காவில் கில்மன், காக்ஸ்ஹெட், வில்லிஸ் ஆகிய மூவர் ஒலியை மேலே அனுப்பித் தாழ்ந்த தலைகீழ் அடுக்குகளின் எதிரொலியைப் பதிவு செய்தனர். சிதறலின் கோட்பாட்டைச் சோவியத் அறிஞர்கள் வளர்த்தெடுத்தனர். 1968இல் ஆஸ்திரேலியாவில் மக்அலிஸ்டர் வெளியிட்ட எதிரொலிப் படங்களுக்குப் பிறகே இது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் 1970களிலிருந்து புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் சோடார்களை உருவாக்கிப் பயன்படுத்தி வந்திருக்கிறது.

ஒலியால் வெப்பநிலையை அளக்க முடியாதா?

சோடாரால் மட்டும் முடியாது. ரேடியோவைத் துணைக்கு அழைத்தால் முடியும். மேலே செல்லும் ஒலியலையைப் பின்தொடர்ந்து ரேடியோ அலையை அனுப்பி, ஒலி எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று பார்த்தால், அவ்வேகத்திலிருந்து காற்றின் வெப்பநிலை கிடைக்கும். ஒலியின் அலைநீளம் ரேடியோ அலைநீளத்தில் பாதியாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ராடாரை எடுத்துக்கொண்டால், அதற்குப் பொருந்தும் ஒலி ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸ் வரும்; தவிலின் அடித்தொப்பி முழக்கம்போன்ற தாழ்ந்த ஒலி.

அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகுமா?

ஆகும். இரவு முழுவதும் சில நொடிக்கு ஒருமுறை ஒரே சுருதியில் கீச்சென்றால் யாருக்கும் தூக்கம் வராது. குடியிருப்பிலிருந்து சில நூறு மீட்டராவது தள்ளி வைப்பது மரியாதை.

சேலத்தில் ஒன்றை வைப்பதானால் எங்கே வைப்பது நல்லது?

என்னைக் கேட்டால், நகரத்துக்குள் வேண்டாம். ஆடி மாதம் முழுவதும் மாரியம்மன் கோயில் விழா ஒலிபெருக்கிகளோடு போட்டியிட எந்தச் சோடாராலும் முடியாது; நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலும் ஓயாது. சேர்வராயன் அடிவாரத்தில், ஏற்காடு சாலையின் முதல் கொண்டைஊசி வளைவுக்குக் கீழே, சாலையிலிருந்து விலகிய திறந்த நிலம் ஒன்றே என் தேர்வு. மலையிலிருந்து இறங்கும் இரவுக்காற்றும் நகரத்தின் மேல் தேங்கும் குளிர்க்காற்றும் சந்திக்கும் இடம் அது. சுற்றிலும் எந்த மரமும் தன் உயரத்தைப்போல் பல மடங்கு தூரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாய்ந்த கற்றைகள் மலைச்சரிவைப் பார்க்காமல் நகரத்தின் பக்கம் சாயும்படி பெட்டியைத் திருப்ப வேண்டும். அருகிலேயே 10 மீட்டர்க் கம்பத்தில் ஒரு காற்றுமானியையும் நிறுத்தினால், சோடார் கேட்காத அந்த அடி இருபது மீட்டரில் பாதியாவது கிடைத்துவிடும். கார்த்திகையில் தொடங்கி மாசி வரை ஓடவிட்டால், இங்குள்ள தலைகீழ் அடுக்கு எத்தனை மணிக்குக் கட்டுகிறது, எத்தனை மணிக்கு உடைகிறது என்பதை மீட்டர்க் கணக்கில் சொல்லிவிடலாம்.